அது ஈ இல்லங்க, இறகு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல சால்மன் மீன் பிடிக்கிறதப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. படம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. இடுப்பளவு தண்ணில ஒருத்தர் நின்னு நீளக் கம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு வீசுறாரு, கயிறு அந்தரத்துல வளைஞ்சு நிக்குது, பின்னாடி பிர்ச் மரம். அதப் பாத்துட்டு கைல இருந்த காப்பி ஆறுற வரைக்கும் அப்படியே உக்காந்துட்டேன். ஆனா கீழ இருந்தத படிச்சப்பதான் மனசு கேக்கல. ஸ்காட்லாந்துல ஈயப் பிடிச்சு முள்ளுல கோத்து ஆத்துல போடுவாங்க, பசில இருக்க சால்மன் வந்து அத முழுங்கிரும்னு எழுதியிருக்கு. அதுல ஈயும் தப்பு, பசியும் தப்பு. நாலு பேரு படிக்கிற பேப்பர்ங்கறதால இத எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

நான் சோழவந்தான்காரன். அப்பா கொடிக்கால்ல வேல பாத்தவரு, வெத்தல கிள்ளி முடிச்சு சாயங்காலம் ஆனா தூண்டிலத் தூக்கிட்டு வைகைக்குப் போயிருவாரு, நானும் பின்னாடியே மண்புழு டப்பாவத் தூக்கிட்டுப் போவேன். பின்னால சமையல் வேலைக்குப் போயி, அங்க இங்க சுத்தி, ஸ்காட்லாந்துல ஸ்பே ஆத்தங்கரைல இருக்க கிராண்டவுன்ங்கற சின்ன ஊர்ல ஒரு ஹோட்டல் கிச்சன்ல பதினோரு வருசம் இருந்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல சாயங்காலம் அஞ்சு வரைக்கும் வேல இருக்காது. மத்தவங்க தூங்குவாங்க, நான் ஆத்துக்குப் போயிருவேன். அங்க மீன் பிடிக்க வர்றவங்களுக்கு ஆத்தக் காட்டிக் குடுக்கற ஆளுக்கு பேரு கில்லி. அப்படி நாப்பது வருசம் கில்லியா இருந்து ஓய்வான பெரியவர் ஒருத்தர் எங்க ஹோட்டலுக்கு சூப் குடிக்க வருவாரு, நான் செய்ற பருப்பு சூப் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பழக்கத்துலதான் கத்துக்கிட்டேன். நான் சொல்றதுல முக்காவாசி அவரு சொன்னது, மிச்சம் என் கையும் காலும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

மொதல்ல இந்த ஈ. இங்கிலீஷ்ல ஃப்ளைன்னு சொல்றத ஈன்னு அப்படியே எழுதிட்டாங்க போல. அது உயிருள்ள பூச்சியே கெடையாது. வெறும் முள்ளு, அதோட காம்புல பட்டு நூலச் சுத்தி, அதுக்கு மேல வெள்ளி ஜரிகைய வளையம் வளையமா ஏத்தி, தலைப்பக்கம் இறகோ அணில் வால் முடியோ வச்சு நூலால இறுக்கி, முடிச்சு மேல வார்னிஷ் ஒரு சொட்டு வைப்பாங்க, அவ்வளவுதான். பாக்க ஈ மாதிரி இருக்காது, எந்தப் பூச்சி மாதிரியும் இருக்காது, நம்மூர் நகப்பட்டறைல செஞ்ச தோடு மாதிரி இருக்கும். செல்லூர்ல தறி ஓட்டுறவங்க கைல குடுத்தா ரெண்டு நாள்ல கத்துக்குவாங்க, நூலு தளராம கைய விடாம சுத்தறதுதான் அதுல பாதி வித்தை. நான் வீட்ல அத இறகு முள்ளுன்னுதான் சொல்றேன், பேரனும் அப்படித்தான் சொல்றான். தமிழ்ல எழுதறப்ப அப்படி எழுதலாமேன்னு என் யோசன.

அப்பறம் சால்மன்னா நம்ம மார்க்கெட்ல இந்தியன் சால்மன்னு விக்கிற காலா மீன் இல்ல. அது வேற குடும்பம், கடல்லயும் கழிமுகத்துலயும் இருக்கறது. சூப்பர் மார்க்கெட்ல ஐஸ்ல வச்சு விக்கிற ஆரஞ்சு கலர் துண்டு பெரும்பாலும் கடல்ல வலைக்கூண்டு போட்டு பண்ணைல வளத்தது. நான் சொல்றது அட்லாண்டிக் சால்மன், ஆத்துல பொறந்து கடலுக்குப் போயி திரும்ப அதே ஆத்துக்கு வர்றது. கூழாங்கல்லுக்கு நடுவுல முட்ட, குஞ்சாகி ரெண்டு மூணு வருசம் ஆத்துல வளரும், அப்ப வெரல் நீளம்தான் இருக்கும், அப்பறம் ஒடம்பு வெள்ளியா மாறி கடலுக்கு எறங்கும். கிரீன்லாந்து பக்கம் வரைக்கும் போகும். ஒரு குளிர்காலம் கடல்ல இருந்துட்டு வர்றது சின்னது, ரெண்டு மூணு குளிர்காலம் இருந்துட்டு வந்தா பெருசு. எந்த ஆத்துல பொறந்துச்சோ அந்த ஆத்துத் தண்ணியோட வாசன பிடிச்சு வரும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். ஆத்துக்குள்ள ஏறுன சால்மன் சாப்பிடாது. கடல்ல தின்னு சேத்த கொழுப்ப வச்சுத்தான் மாசக்கணக்குல ஓட்டும், வயிறு சுருங்கிப் போயிரும். பசிச்ச மீனுக்கு எரை காட்டறது ஒரு வேல, சாப்பாடே வேண்டாம்னு படுத்திருக்க மீனோட வாயத் தொறக்க வைக்கிறது வேற வேல. அப்ப ஏன் அது இறகு முள்ளப் பிடிக்குது? கோவத்துலங்கறாங்க, கடல்ல இறால் பிடிச்ச பழக்கம் விடலங்கறாங்க, பூனக்குட்டி நூல அடிக்கிற மாதிரி சும்மா ஒரு துடிப்புங்கறாங்க. பெரியவர்கிட்ட நானும் கேட்டேன். அவரு நாப்பது வருசமா மீனுகிட்ட கேட்டுப் பாத்துட்டேன், அது இன்னும் சொல்லலன்னாரு. அதனாலதான் எந்த முள்ளு கட்டுறதுங்கறது அங்க அவ்வளவு பெரிய பேச்சு, ராத்திரி முழுக்க பேசுவாய்ங்க.

ஆனா நல்ல கில்லி ஆத்தங்கரைக்கு வந்த ஒடனே டப்பாவத் தொறக்க மாட்டாரு. அத நான் கண்ணால பாத்தேன். மொதல்ல கரைல ஒரு கல்லு, அவருக்கு மட்டும் தெரிஞ்ச கல்லு, அது எவ்வளவு முங்கியிருக்குன்னு பாப்பாரு. அப்பறம் நூல்ல கட்டுன தெர்மாமீட்டர தண்ணில விட்டுட்டு ஒரு சிகரெட் பத்த வைப்பாரு. அது முடியுற வரைக்கும் தண்ணியவே பாத்துட்டு நிப்பாரு. தண்ணி ஏறுதா எறங்குதா, கலங்கியிருக்கா தெளிஞ்சிருக்கா, வெயில் எந்தப் பக்கம் விழுது. ஏறுற தண்ணில குப்பையும் எலையும் வரும், அப்ப மீனு ஒண்ணு மேல போயிட்டே இருக்கும் இல்ல கரையோரம் ஒதுங்கியிருக்கும், ஒண்ணும் சரிப்படாது. மழ பேஞ்சு வெள்ளம் வந்து, அது எறங்கித் தெளிய ஆரம்பிக்கிற அந்த நேரம்தான் நேரம். அப்ப ஸ்பே தண்ணி கடுங்காப்பி நெறத்துல இருக்கும், மலைல இருக்க கரிமண்ணு ஊறி வர்ற நெறம் அது, அழுக்கில்ல, ஒரு கைல அள்ளுனா கண்ணாடியா இருக்கும்.

தண்ணி 9, 10 டிகிரிக்குக் கீழ இருந்தா மீனு சோம்பலா அடில கெடக்கும், அது மேல எழும்பி வராது, நம்ம முள்ளுதான் அதுகிட்ட போகணும். அதனால முங்குற கயிறு, பித்தளக் குழாய்ல கட்டுன ரெண்டு இஞ்ச் நீளத்து இறகு முள்ளு, கறுப்பு மஞ்சள் ஆரஞ்சு மூணு முடியும் கலந்தது, அதுக்கு வில்லி கன்னுன்னு பேரு, ஸ்காட்லாந்துல அது இல்லாத டப்பாவே இருக்காது. அத ஆழத்துல மெதுவா, ரொம்ப மெதுவா மீனு மூஞ்சிக்கு முன்னாடி கொண்டு போகணும். தண்ணி சூடேறி 10, 11 தாண்டிட்டா கதை மாறிரும். மெதக்குற கயிறு, சின்ன முள்ளு, 8, 10, 12ன்னு நம்பர் கூடக்கூட முள்ளு சிறுசாகும், கோடைல தண்ணி வத்தித் தெளிஞ்சு கெடக்கறப்ப சுண்டுவெரல் நகத்த விடச் சின்னதக் கட்டுவாங்க, கறுப்பு முடி நாலே நாலு இழ, அதுல ஒரு வெள்ளிக் கோடு. கலங்கல்னா ஆரஞ்சு, மஞ்சள், செம்பு மினுக்கம். தெளிஞ்சதுன்னா கறுப்பு, நீலம். வெளிச்சமான நாளுக்கு மினுங்கறது, மூட்டமான நாளுக்கு கறுத்ததுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. எனக்கு அது அவ்வளவு ஒத்து வரல, நான் தண்ணியோட நெறத்ததான் நம்புறேன்.

ஸ்காட்லாந்துல டீங்கற பேர்ல இன்னொரு ஆறு இருக்கு, அங்க கெய்ர்ன்டன்ங்கற எடத்துல ஆர்தர் வுட்னு ஒருத்தர் இருந்தாரு, நூறு வருசத்துக்கு முன்னாடி. அப்ப எல்லாரும் பெரிய பெரிய முள்ள ஆழத்துல விட்டுட்டு இருந்தாங்க. இவரு கயித்துக்கு கிரீஸ் தடவி மெதக்க விட்டு, மெலிசாக் கட்டுன சின்ன முள்ள தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ விட்டு எக்கச்சக்கமா மீன் பிடிச்சாரு. ப்ளூ சார்ம், சில்வர் ப்ளூ, இப்படி ரெண்டு மூணு முள்ளு போதும், கலர் முக்கியமில்ல சைஸ்தான் முக்கியம்ங்கறது அவரு கட்சி. எங்க பெரியவரும் கிட்டத்தட்ட அந்தக் கட்சிதான். மீனு பாத்துட்டு வரலன்னா மொதல்ல சைஸ மாத்து, அப்பறம் ஆழத்த மாத்து, அப்பறம் வேகத்த மாத்து, கடைசியாத்தான் கலரத் தொடுன்னு சொல்லுவாரு. நான் போன புதுசுல நேர்மாறாப் பண்ணேன். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு கலரா மாத்தி மாத்தி, முடிச்சுப் போட்டே சாயங்காலம் ஆயிரும்.

உங்க கட்டுரைல 1922ல ஸ்காட்லாந்துல டேங்கற ஆத்துல ஜார்ஜினா பாலன்டைன்ங்கற அம்மா பிடிச்ச பெரிய மீனும் ஈயிலதான் மாட்டுச்சுன்னு இருக்கு. 64 பவுண்டு, நம்ம கணக்குல 29 கிலோ, அக்டோபர் 7ந்தேதி, அப்பாகூட படகுல போயி பிடிச்சாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல போராடுனாங்க, பிரிட்டன்ல தூண்டில்ல பிடிச்ச சால்மன்ல இன்னிக்கு வரைக்கும் அதத் தாண்டி ஒண்ணு வரல. எல்லாம் சரிதான். ஆனா அது இறகு முள்ளு இல்ல, ஒரு சின்ன மீன எரையாக் கட்டி ஆத்துல சுழல விட்டாங்க, அதுலதான் வந்துச்சு. அந்தம்மா பேரு வந்ததே எனக்கு சந்தோசம், அதனாலதான் அத சரியா எழுதணும்னு சொல்றேன்.

இனி எடம். இங்கிலீஷ்ல பூல்ங்கறாங்க, உங்க ஆளு குளம்னு எழுதிட்டாரு. குளம் இல்லங்க, கசம். ஓடுற ஆத்துக்குள்ள ஆழமா இருக்க எடம், மடுன்னும் சொல்லுவோம். மேல இருந்து சலசலன்னு எறங்கற எடம் அதோட தலை, நடுவுல ஆழம் வயிறு, கடைசில மறுபடி மேடாகி தண்ணி வழவழன்னு கண்ணாடி மாதிரி வழியுற எடம் வால். கீழ இருந்து பாறைல குதிச்சு ஏறி வர்ற மீனு வால்ல வந்து மூச்சு வாங்கும், அதனால விடியக்காலைலயும் அந்தி மயங்குறப்பவும் வால்ல நிக்கணும். கோடைல தண்ணில காத்து கம்மியா இருக்கறப்ப தலைக்குப் போயிரும், நொர இருக்க எடத்துல. வயித்துல பெரிய பாறைக்கு முன்னாடியும் பக்கத்துலயும் படுத்திருக்கும், பின்னாடி இருக்கும்னு நெனப்போம், முன்னாடி தண்ணி மெத்த மாதிரி தாங்குது, அங்கதான் சொகம். மனுசன் நடக்குற வேகத்துல தண்ணி போகணும், ஆளு நெஞ்சு ஒசரத்துல இருந்து தலை முங்குற வரைக்கும் ஆழம், அப்படி எடம் பாத்தா அங்க சால்மன் நின்னே ஆகணும்.

பிடிக்கிற மொற இது. தலைல எறங்கி, கம்ப வீசி, முள்ளு நேர் எதுர்க்க விழாம கொஞ்சம் கீழ் சாய்வா எதிர்கரைப் பக்கம் விழணும். பின்னாடி மரம் இருந்தா தலைக்கு மேல சுத்த முடியாது, அதுக்குத்தான் ஸ்பே ஆத்துக்காரங்க ஒரு வீச்சு கண்டுபிடிச்சாங்க, கயித்த தண்ணி மேலயே ஒரு எடத்துல வச்சு வளையம் போட்டு முன்னாடி உருட்டி விடறது, உலகம் பூரா அதுக்கு ஸ்பே காஸ்ட்னு ஆத்துப் பேருதான். நம்ம தூண்டில்ல ஈயக்குண்டு கனம், அது நரம்ப இழுத்துட்டுப் போகும், இங்க முள்ளுக்கு கனமே இல்ல, கயிறுதான் கனம், அதான் அவ்வளவு தடிமனா இருக்கும். விழுந்த ஒடனே நடு ஆத்துத் தண்ணி வேகமாப் போயி கயித்த வில்லு மாதிரி வளைக்கும், வளைஞ்சா முள்ளு சாட்ட மாதிரி ஓடும், மீனு சீண்டாது, அதனால கம்பு நுனிய ஒரு சுழட்டு சுழட்டி கயித்துத் தொப்பையத் தூக்கி மேல்தண்ணிப் பக்கம் போட்டுறணும். அப்ப முள்ளு நிதானமா அந்தக் கரைல இருந்து நம்ம கரைக்கு ஊஞ்சல் மாதிரி வரும். வந்து முடிஞ்சா ரெண்டு எட்டு கீழ எறங்கி மறுபடி வீசணும். இப்படியே தலைல இருந்து வால் வரைக்கும் ஒரு எடம் விடாம தடவிட்டே வரணும், ஏர் ஓட்டற மாதிரி. ஒரே எடத்துல நட்டமா நிக்கிறது அங்க மரியாதக் கொறைச்சல், பின்னாடி வர்றவருக்கு எடம் விட்டுட்டே போகணும், நாம புதுசா எறங்குனாலும் இருக்கறவருக்குப் பின்னாடிதான் எறங்கணும். மொதச் சுத்துல ஒண்ணும் வரலன்னா, சில நாள் பெரியவர் சன்ரே ஷாடோன்னு ஒரு சாண் நீளக் கறுப்பு முள்ளக் கட்டி வால்ல இருந்து தலைக்கு மேல பாக்க ஏறி வருவாரு, வீசி வேகமா இழுத்து. தூங்குறத எழுப்பி விட்டுட்டு மறுபடி சின்னத காட்டுவாரு. அதுல நானே ரெண்டு மீன் பாத்துருக்கேன்.

நான் மொத மீன விட்டத சொல்லணும். ஜூலை மாசம், எறங்குற தண்ணி, 10ம் நம்பர் முள்ளு. ஊஞ்சல் பாதி வந்திருக்கும், கைல ஒரு இழுப்பு. வைகைல தக்கை முங்குனா சுண்டணும்னு எட்டு வயசுல அப்பா சொல்லிக் குடுத்த கை, தானா சுண்டிருச்சு. முள்ளு அது வாய்ல இருந்து உருவி வந்துருச்சு. பெரியவர் ஒண்ணும் சொல்லல, தொப்பியக் கழட்டி மறுபடி மாட்டிக்கிட்டாரு. சால்மன் முள்ள வாய்ல வச்சுக்கிட்டு திரும்பி தன்னோட எடத்துக்குப் போகும், அது திரும்பறப்ப கயிறே இழுத்து வாய் ஓரத்துல முள்ள ஏத்திரும், நம்ம கை சும்மா இருக்கணும். சும்மா இருக்கறத நான் கத்துக்க ரெண்டு வருசம் ஆச்சு. மூணாவது வருசம் அதே கசத்தோட வால்ல ஒரு அஞ்சு பவுண்டு மீன், கடல்ல இருந்து வந்து ரொம்ப நாள் ஆகாதது, வெள்ளித்தட்டு மாதிரி. தண்ணிக்குள்ளயே வச்சு முள்ளக் கழட்டி, வால் கணுவ ஒரு கையால பிடிச்சு, தலைய மேல்தண்ணிப் பக்கம் திருப்பி நின்னேன். அது செவுளு அசையுறது கைல தெரியுது. கொஞ்ச நேரத்துல ஒரு ஒதறு, போயிருச்சு. கை ரொம்ப நேரம் மரத்துப் போயி இருந்துச்சு, குளிரா சந்தோசமான்னு தெரியல.

ஏன் விட்டேன்னு ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க. அங்க அப்படித்தான். தூண்டில்ல பிடிச்ச சால்மன விக்கவே கூடாது, ஞாயித்துக்கெழம தூண்டிலே போடக்கூடாது, ஏப்ரல் 1க்கு முன்னாடி பிடிச்சது எதுவா இருந்தாலும் விட்டுறணும், அதுக்கு அப்பறமும் பெரும்பாலும் எல்லாரும் விட்டுர்றாங்க, முள்ளுல இருக்க கொக்கிய குறட்டால நசுக்கிட்டுத்தான் எறங்குவாங்க. ஏன்னா மீனு கொறைஞ்சு போச்சு. 2023 டிசம்பர்ல உலக சிவப்புப் பட்டியல்ல பிரிட்டன் சால்மன அழியுற ஆபத்துல இருக்கறதா சேத்துட்டாங்க. தண்ணி 20 டிகிரி தொட்டா நல்ல ஆளுங்க கம்ப மடக்கிருவாங்க, அந்தச் சூட்டுல பிடிச்சா விட்டாலும் பொழைக்கிறது கஷ்டம். டீ ஆத்தோட மேல்பக்கம் நெழலுக்காக பத்து லட்சம் மரம் நடற வேல நடக்குது, ஆத்துத் தண்ணி சூடாகக்கூடாதுன்னு. ஒரு மீனுக்காக மரம் நடறாய்ங்க.

இப்ப நம்ம பக்கத்து விசயம், இதுக்காகத்தான் பேனாவ எடுத்தேன்னே சொல்லலாம். கட்டுரை கடைசில இது நமக்கு சம்பந்தமில்லாத வெள்ளக்காரங்க விளையாட்டுன்னு முடிச்சிருக்கு. சம்பந்தம் இருக்குங்க. பழைய காலத்து சால்மன் முள்ளு படத்த எங்கயாவது பெருசாப் பாருங்க, ரெண்டு பக்கமும் கண்ணு மாதிரி வெளுத்த மஞ்சள்ல ஒரு பொட்டு இருக்கும், மெழுகு சொட்டு வச்ச மாதிரி பளபளன்னு. அது பெயிண்ட் இல்ல, நம்ம காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு. அழகர்மலைலயும் சிறுமலைலயும் மேகமலைலயும் காலைல வெட்டி வெட்டிக் கூவுதே, அந்தச் சாம்பல் காட்டுக்கோழி. இந்தியாவ விட்டா அது வேற எந்த நாட்டுக் காட்டுலயும் கெடையாது. சொனராங்கற பிரெஞ்சுக்காரர் பேர அதுக்கு வச்சிருக்காங்க, 1813லயே. வெள்ளக்காரன் காலத்துல அந்தக் கழுத்துத் தோல உரிச்சு கட்டுக்கட்டா கப்பல்ல ஏத்துனாங்க. ஜாக் ஸ்காட்னு ஒரு முள்ளு, 1850 வாக்குல ஒரு கில்லி கட்டுனது, அதுல மட்டும் மயில் இறகு, வான்கோழி, நெருப்புக்கோழி, மக்காவ் கிளி, டூக்கான்னு ஒரு பறவைக்கூட்டமே இருக்கு, ரெண்டு பக்கமும் நம்ம காட்டுக்கோழி. மஞ்சள் பட்டும் கறுப்புப் பட்டும் பாதிப் பாதி. அழகுன்னா அப்படி ஒரு அழகு, அத மறுக்க மாட்டேன்.

ஆனா அந்த அழகுக்கு ஆசப்பட்டு என்னென்ன நடக்குதுன்னும் எழுதணும். 2009 ஜூன்ல இங்கிலாந்துல ட்ரிங்ங்கற ஊர் மியூசியத்துல 299 பறவைத்தோல ஒரு இளைஞர் ராத்திரில ஜன்னல ஒடச்சு எறங்கித் தூக்கிட்டுப் போனாரு, எல்லாம் இந்த முள்ளு கட்டறதுக்கும் கட்டறவங்களுக்கு விக்கிறதுக்கும்தான். அதுல டார்வின் காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்ஃபிரெட் வாலஸ் காடுகாடா அலைஞ்சு சேத்ததும் இருந்துச்சு. இத்தனைக்கும் அந்த முள்ளெல்லாம் பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்துல மாட்டறதுக்கு, தண்ணிலயே போடறதில்ல. மீனுக்கு அணில் முடியும் ஆட்டு முடியும் போதும்னு அங்க இருக்க எல்லா கில்லிக்கும் தெரியும். காட்டுக்கோழி இறகு வேணும்னாலும் அங்கயே பண்ணைல வளத்து விக்கிறாங்க, அது வெல ஜாஸ்தி, அதான் பிரச்சின.

ரெண்டு வருசம் முன்னாடி, நான் முள்ளு கட்டுறேன்னு தெரிஞ்சு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. மலைல ஆளு இருக்கு, கண்ணி வச்சுத் தர்றோம், கழுத்து மட்டும் உரிச்சுத் தர்றோம், வெளிநாட்டுக்கு அனுப்ப வழி சொல்லுங்கன்னு கேட்டாரு. எனக்கு கை நடுங்கிருச்சு கோவத்துல. 1972 வனவிலங்குச் சட்டத்துல அதத் தொடவே கூடாது. சட்டத்த விடுங்க, சேவக்கொடி வச்ச முருகன் உக்காந்திருக்கற பழமுதிர்சோலை மலைல கூவுற சேவலுக்கு கண்ணி வைக்க எப்படிங்க மனசு வரும்? காப்பி கூடக் குடுக்காம அனுப்பிட்டேன், எங்க வீட்டு வாசப்படில இருந்து யாரையும் அப்படி நான் அனுப்புனதில்ல. அதனால தயவு பண்ணி, அடுத்த தடவ இதப்பத்தி எழுதுனா இந்த இறகு எவ்வளவு வெலைக்குப் போகும்னு மட்டும் எழுதாதீங்க. சட்டம் இருக்குன்னு எழுதுங்க.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். அப்பாகூடப் போனப்ப சோழவந்தானுக்கு மேல ஒரு மருதமரத்துக்கு நேரா ஆத்துல கசம் இருந்துச்சு. சித்திரைல ஆறு காஞ்சு மணலாக் கெடக்கறப்பவும் அங்க மட்டும் தண்ணி நிக்கும், கெண்டையும் கெளுத்தியும் விராலும் அங்க ஒண்டிக்கெடக்கும், மழ வந்தா அங்க இருந்துதான் ஆத்துக்குப் பரவும். கோடைல அங்க தூண்டில் போடக்கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு, வெத மீனுடா அதுன்னு. அவரு டீ ஆத்தையும் பாத்ததில்ல, சிவப்புப் பட்டியலும் தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்து மொத வாரமே போயிப் பாத்தேன். மணல அள்ளி அள்ளி ஆத்துத்தரை எது கரை எதுன்னு தெரியல, கசம் இருந்த எடத்துல சீமக்கருவேலம் ஆளு ஒசரத்துக்கு நிக்குது, மருதமரம் இல்ல. வைகைல எந்தெந்த ஊர்ல எந்தெந்த கசம் இருந்துச்சு, பேரு என்ன, இப்ப என்னாச்சுன்னு வருசநாட்டுல இருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் உங்க நிருபர்கள் ஒரு தொடர் எழுதுனா வயசானவங்க பூரா சொல்லுவாங்க, இன்னும் ஒரு பத்து வருசம் போனா சொல்ல ஆள் இருக்காது.

நான் கேக்குறது இவ்வளவுதான். ஈ இல்ல இறகு முள்ளுன்னும், சால்மன் ஆத்துல பசிக்கு வாய தொறக்கறதில்லன்னும், குளம் இல்ல கசம்னும், பாலன்டைன் அம்மா மீனு இறகு முள்ளுல வரலன்னும் ஒரு சின்னத் திருத்தம் போட்டுருங்க. படம் வேணும்னா என்கிட்ட பெரியவர் நான் கெளம்பறப்ப கட்டிக் குடுத்த வில்லி கன்னு ஒண்ணு இருக்கு. காட்டுக்கோழிக் கண்ணு வர வேண்டிய எடத்துல நகப்பூச்சு மாதிரி எதையோ வச்சு ரெண்டு வெள்ளப் பொட்டு வச்சிருக்காரு, உன் ஊர்ப் பறவை உன் ஊர்லயே இருக்கட்டும்னு சொல்லித்தான் குடுத்தாரு. யாரையாவது அனுப்புனா டப்பாவோட தர்றேன், படம் எடுத்துட்டு பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்க, என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.